கடலைக் காணாத கப்பல்கள்: கற்பனை பிரிட்டிஷ் போர்க்கப்பல் வடிவமைப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன பொழுதுபோக்கு? அட்டையில் பொம்மைக் கப்பல் செய்வதா?

இல்லை. காகிதத்தில், கணக்குப் போட்டு, கட்டப்படாத ஒரு கப்பலைக் கட்டுவது. 1905ஆம் ஆண்டு லண்டனில், அட்மிரால்டி எனப்படும் கடற்படைத் தலைமையகத்தின் வரைபட அறையில் உங்களுக்கு ஒரு மேசை கிடைத்திருந்தால் என்ன வரைந்திருப்பீர்கள்? அன்று இருந்த உருக்கு, அன்று இருந்த பீரங்கி, அன்று இருந்த துறைமுகம், அன்று நாடாளுமன்றம் தரக்கூடிய பணம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வரைய வேண்டும். பின்னால் வந்தவற்றை எட்டிப் பார்க்கக் கூடாது. விதி அவ்வளவுதான், அதைக் காப்பாற்றுவதில்தான் எல்லோரும் தவறுகிறோம்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அட்மிரால்டியே இதைத்தான் செய்துகொண்டிருந்தது. கட்டப்பட்ட ஒவ்வொரு கப்பலுக்கும் பின்னால் எழுத்தும் எண்ணும் இட்டு ஒதுக்கிவைக்கப்பட்ட வரைவுகள் பல உண்டு.

எந்த ஆண்டிலிருந்து தொடங்கலாம்?

புதியவர்களுக்கு நான் சொல்வது 1905. அதற்கு முந்தைய கப்பல்களில் நான்கு பெரிய பீரங்கிகளும் பல இடைநிலைப் பீரங்கிகளும் கலந்து இருந்தன. ‘லார்டு நெல்சன்’ வகையில் நான்கு 12 அங்குலப் பீரங்கிகள், பத்து 9.2 அங்குலப் பீரங்கிகள் (அங்குலக் கணக்கு குழல் வாயின் விட்டம்). தொலைவில் விழும் குண்டு எழுப்பும் நீர்த்தூணைப் பார்த்து, அது 12 அங்குலக் குண்டா, 9.2 அங்குலக் குண்டா என்று பிரித்தறிவது கடினம். குறியைத் திருத்த முடியாது.

இத்தாலியப் பொறியாளர் விட்டோரியோ குனிபெர்ட்டி 1903இலேயே, பிரிட்டனுக்கு ஏற்ற கப்பல் என்று பன்னிரண்டு 12 அங்குலப் பீரங்கிகள் கொண்ட 17,000 டன் கப்பலை எழுத்தில் முன்வைத்தார். அதையே நம் பொழுதுபோக்கின் முதல் படைப்பு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1904 அக்டோபரில் கடற்படைத் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜாக்கி ஃபிஷர் ஒரு வடிவமைப்புக் குழுவை அமைத்தார். தலைமை வடிவமைப்பாளர் ஃபிலிப் வாட்ஸ். 1905 அக்டோபர் 2 அன்று போர்ட்ஸ்மவுத்தில் ‘டிரெட்நாட்’ கப்பலுக்கு ஏராக்கட்டை (கப்பலின் முதுகெலும்பான அடித்தண்டு) வைத்தார்கள்; 1906 பிப்ரவரி 10 அன்று அரசர் ஏழாம் எட்வர்டு அதைத் தண்ணீரில் இறக்கினார். பத்து 12 அங்குலப் பீரங்கிகள், 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகம், நீராவி டர்பைன். உங்கள் முதல் முயற்சியை இந்தக் கப்பலின் அண்டை வீட்டுக்காரனாக வைத்துக்கொண்டால் ஒப்பிட எல்லா எண்களும் கைவசம் இருக்கும்.

முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்? பீரங்கியைத்தானே?

எல்லோரும் பீரங்கியில்தான் தொடங்குகிறார்கள். நான் துறையில் தொடங்கச் சொல்வேன்.

கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்டவும் பழுது பார்க்கவும் அதை உலர்துறைக்குள் கொண்டுபோக வேண்டும். அந்தத் துறையின் வாயில் எத்தனை அடி அகலமோ அதற்குள்தான் உங்கள் கற்பனை அடங்கும். டிரெட்நாட்டின் அகலம் 82 அடி. 1912இல் வந்த ‘ஒரையன்’ 88 அடி. ‘அயர்ன் டியூக்’ 90 அடி. இந்த மெதுவான வளர்ச்சிக்கு வடிவமைப்பாளர்களின் கஞ்சத்தனம் காரணமல்ல. ஜெர்மனி புதிதாகத் துறைகளைக் கட்டியதால் ‘பேயர்ன்’ கப்பலை 98 அடிக்கு விரிக்க முடிந்தது. ஆனால் அவர்களுக்கும் வேறொரு தலைவலி இருந்தது: வட கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கீல் கால்வாயையே அகலப்படுத்த வேண்டிவந்தது, அந்த வேலை 1914 வரை இழுத்தது. பிரிட்டனில், ஸ்காட்லாந்தின் ரொசைத் துறைமுக வேலை 1909இல் தொடங்கி, முதல் உலகப்போரின் நடுவில்தான் பயனுக்கு வந்தது.

அகலத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கப்பல் கவிழாமல் நிமிரும் திறன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 82 அடியை 88 ஆக்கினால் அந்த மும்மடி ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. அதற்காக அள்ளிக் கொடுக்கவும் கூடாது. நிமிரும் திறன் மிகுந்தால் கப்பல் வெடுக்கென்று ஆடும்; பீரங்கி குறி வைக்கப் பயன்படாது. அதனால்தான் பின்னால் வந்த ‘ரிவெஞ்ச்’ வகையில் அத்திறனை வேண்டுமென்றே குறைத்தார்கள்.

எடைக் கணக்கை எப்படிப் போடுவது? எளிய வழி உண்டா?

உண்டு. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொறுமையாக உட்காருங்கள். மற்றவை இதிலிருந்து வந்துவிடும்.

கப்பல் தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்குகிறது. ஒரு டன் கடல் நீர் 35 கன அடி. நீளம், அகலம், அமிழும் ஆழம் மூன்றையும் பெருக்கினால் ஒரு செங்கல் வடிவப் பெட்டி கிடைக்கும். கப்பல் செங்கல் அல்லவே. அணியமும் அமரமும் (முன், பின் முனைகள்) கூர்ந்து போகின்றன. அக்காலப் போர்க்கப்பல் அந்தப் பெட்டியில் ஏறத்தாழ 0.6 பங்கை நிரப்பும். டிரெட்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பின் நிமிர்கோடுகளுக்கு இடையே (ஏறத்தாழ அணியத்திலிருந்து சுக்கான் தூண் வரை) 490 அடி நீளம், 82 அடி அகலம், 26.5 அடி ஆழம். பெருக்கி, 0.6ஆல் பெருக்கி, 35ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18,250 டன். உண்மைக் கப்பலின் வழக்கமான எடை 18,000 டன்னை ஒட்டியது. மாட்டுவண்டி ஓட்டுபவர்கூடப் போடக்கூடிய கணக்கு இது.

இந்த எடையைப் பங்கு பிரிக்க வேண்டும். டிரெட்நாட்டில் கூட்டுக்கு (கப்பலின் உடலுக்கு) மட்டும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கவசத்துக்குக் கால் பங்குக்குச் சற்று மேல். பீரங்கிகளுக்கும் குண்டுகளுக்கும் ஆறில் ஒரு பங்கு. இயந்திரங்களுக்கு ஒன்பதில் ஒரு பங்கு. மிச்சத்தில் நிலக்கரி, மாலுமிகள், சங்கிலி, நங்கூரம், சமையலறை.

கவசத்துக்கு ஒரு வாய்பாடு: ஒரு அங்குலத் தடிப்பும் ஒரு சதுர அடிப் பரப்பும் உள்ள உருக்குத் தகடு ஏறத்தாழ 40 பவுண்டு. கப்பலின் நடுப்பகுதியில் 250 அடி நீளம், 12 அடி உயரத்துக்கு இருபுறமும் கவசப்பட்டி கட்டினால் 6,000 சதுர அடி. 11 அங்குலத் தடிப்பு என்றால் 1,200 டன்னை நெருங்கும். “இன்னும் ஒரே ஒரு அங்குலம்” என்று ஆசைப்பட்டால் நூறு டன்னுக்கு மேல். அதைச் சுமக்கக் கூடு பெருக்க வேண்டும். பெருத்த கூட்டை அதே வேகத்தில் தள்ள இயந்திரம் பெருக்க வேண்டும். பெரிய இயந்திரத்தை மூடக் கவசத்தின் நீளம் கூட வேண்டும். எடை குட்டி போட்டுக்கொண்டே போகும்.

என் முதல் காகிதக் கப்பலில் பன்னிரண்டு 13.5 அங்குலப் பீரங்கிகளும் 26 நாட் வேகமும் இருந்தன. எல்லாம் முடிந்தபின் கூட்டிப் பார்த்தால், கவசத்துக்கு மிச்சமிருந்தது மூன்று அங்குலம்.

கணக்கைவிட எடை கூடிப்போனால் என்ன? சற்று ஆழமாக மிதந்துவிட்டுப் போகட்டுமே?

அங்கேதான் கவசப்பட்டி மூழ்குகிறது. டிரெட்நாட் அளவுள்ள கப்பலில் ஏறத்தாழ 70 டன் ஏற்றினால் ஒரு அங்குலம் அமிழும். அந்தக் கப்பலின் வடிவமைப்புக் கணக்கில் இருந்த நிலக்கரி 900 டன். முழுக்க நிரப்பினால் ஏறத்தாழ 2,900. அந்த 2,000 டன் வேறுபாடு கப்பலை இரண்டு அடிக்கு மேல் கீழே இறக்கிவிடும். வரைபடத்தில் நீர்மட்டத்துக்கு மேல் கம்பீரமாக நின்ற 11 அங்குலப் பட்டி, முழுச் சுமையோடு புறப்படும் அன்று தண்ணீருக்குள் குளித்துக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது மெல்லிய 8 அங்குலத் தகடுதான். ஆகவே காகிதக் கப்பலுக்கு இரண்டு நீர்மட்டக் கோடுகள் வரையுங்கள்.

வேகத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

அக்காலப் பொறியாளர்கள் பயன்படுத்திய ஒரு தோராய விதி உண்டு. எடையின் கனமூலத்தை எடுத்து அதை வர்க்கப்படுத்துங்கள். வேகத்தின் மும்மடியால் பெருக்குங்கள். ஏற்கெனவே ஓடிய ஒத்த கப்பலிலிருந்து கிடைக்கும் ஒரு மாறிலியால் வகுங்கள். டிரெட்நாட்டுக்கு 23,000 குதிரைத்திறன், 21 நாட். பின்னோக்கிப் போட்டால் மாறிலி ஏறத்தாழ 278.

இப்போது 22,500 டன், 25 நாட் கப்பலுக்கு அதையே போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 45,000 வரும். நான்கு நாட் கூடுதலுக்கு விலை, இயந்திரம் ஏறக்குறைய இரட்டிப்பாவது.

இந்த விதியை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். வேகம் ஏற ஏறக் கப்பல் தானே எழுப்பும் அலையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். குட்டையான கப்பலுக்கு அந்தச் சண்டை சீக்கிரமே தோல்வியில் முடியும். அட்மிரால்டி விதியோடு நிற்காமல், ஹாஸ்லரில் இருந்த நீர்த்தொட்டியில் சிறு மாதிரிகளை இழுத்துச் சோதித்தது. நம்மிடம் தொட்டி இல்லை. ஆகவே வேகம் கூடும்போது நீளத்தையும் கூட்டிவிடுங்கள்.

அந்த 22,500 டன் கப்பல் எங்கிருந்து வந்தது?

நான் கற்பனை செய்தது அல்ல. டிரெட்நாட் இன்னும் கட்டி முடியாத நேரத்தில், போர்க்கப்பலையும் விரைவான கவசக் குரூசரையும் (வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த போர்க்கப்பல்) ஒன்றாக்கலாமா என்று ஃபிஷர் ஒரு ஆய்வு செய்ய வைத்தார். அதில் பிறந்த எக்ஸ்4 என்னும் வரைவு 22,500 டன், 25 நாட், பத்து 12 அங்குலப் பீரங்கிகள், டிரெட்நாட்டின் கவசம். விலையைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். டிரெட்நாட்டே சுமார் 17.8 லட்சம் பவுண்டு விழுங்கியிருந்தது.

கட்டப்பட்டது வேறு. ‘இன்வின்சிபிள்’ என்ற போர் குரூசர்: எடையில் டிரெட்நாட்டைவிடச் சற்றே குறைவு, 25 நாட், 41,000 குதிரைத்திறன், எட்டுப் பீரங்கி, ஆனால் பக்கக் கவசம் 6 அங்குலம். இந்த மூன்று கப்பல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வடிவமைப்பு என்ற தொழில் முழுதும் புரிந்துவிடும். எக்ஸ்4ஐ 1907இல் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே இந்தப் பொழுதுபோக்கில் மிகச் சுவையான கேள்வி என்பது என் கட்சி. பலர் அதைத் தாண்டி நேராக 15 அங்குலத்துக்குப் பாய்ந்துவிடுகிறார்கள்.

பீரங்கிக் கோபுரங்களை ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக, நடுக்கோட்டில் அடுக்கிவிட்டால் எல்லாம் ஒரு பக்கமாகச் சுடுமே? டிரெட்நாட்டில் ஏன் அப்படிச் செய்யவில்லை?

டிரெட்நாட்டின் ஐந்து கோபுரங்களில் இரண்டு பக்கவாட்டில் இருந்தன. அதனால் பத்தில் எட்டுப் பீரங்கிகளே ஒரு பக்கம் சுடும். அமெரிக்கர்கள் ‘சவுத் கரோலைனா’வில் நடுக்கோட்டு அடுக்கை அப்போதே எடுத்துக்கொண்டார்கள்.

பிரிட்டனின் சிக்கல் ஒரு சிறு தொப்பியில் இருந்தது. பிரிட்டிஷ் கோபுரங்களின் கூரையில், குறிபார்ப்பவர் தலையை நீட்டிப் பார்க்க, திறப்புள்ள கவசத் தொப்பிகள் இருந்தன. மேல் கோபுரம் நேர் முன்னோக்கிச் சுட்டால் அந்த அதிர்வலை கீழ்க் கோபுரத்தின் திறப்பு வழியே உள்ளே புகுந்து ஆட்களைத் தாக்கும். ஒரையன் வகையில் அடுக்கு வந்த பிறகும் இந்தத் தொப்பிகள் போகவில்லை. எனவே அக்கப்பல்களில் மேல் கோபுரம் நேர் முன்னே சுடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அடுக்குக் கோபுரம் வரைந்து “நான்கு பீரங்கி நேர் முன்னோக்கிச் சுடும்” என்று எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது: தொப்பியை எங்கே மாற்றினீர்கள்?

12 அங்குலப் பீரங்கியின் குழலையே நீட்டி வலிமை கூட்டலாமா?

கூட்டினார்கள், சூடுபட்டார்கள். குழல் விட்டத்தின் 45 மடங்கு நீளமாக இருந்ததை 50 மடங்காக்கி, குண்டின் வேகத்தை உயர்த்தினார்கள். குழல் சீக்கிரம் தேய்ந்தது, குறியும் சிதறியது. பிறகுதான் பெரிய குண்டை நிதானமாக எறியும் 13.5 அங்குலம் வந்தது. 12 அங்குலக் குண்டு 850 பவுண்டு, 13.5 அங்குலம் 1,250 பவுண்டில் தொடங்கிப் பின்னர் 1,400. 15 அங்குலம் 1,920. விட்டத்தில் கால் பங்கு கூட்டினால் எடை இரு மடங்கைத் தாண்டுகிறது.

தெரிந்த பிழைகளை வேண்டுமென்றே வைக்க வேண்டுமா?

வைத்தால் கப்பலுக்கு உயிர் வரும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டிரெட்நாட்டின் முன்மரம் (முன்பக்கக் கம்பம்). குண்டு விழும் இடத்தைக் கவனிப்போர் அமரும் மேடை அதன் உச்சியில் இருந்தது. அந்த மரத்தை முன் புகைபோக்கிக்குப் பின்னால் நட்டார்கள். காரணம்? படகுகளைத் தூக்கி இறக்கும் பாரந்தூக்கிக்கு அந்த மரமே தூணாக உதவட்டும் என்ற சிக்கனம். கப்பல் முன்னே ஓடினால் புகையும் சூடும் நேராக மேடைக்கு! அடுத்த வகையான ‘பெல்லரோஃபன்’ கப்பலில் திருத்தினார்கள். பிறகு கொலோசஸிலும் ஒரையனிலும் மறுபடி அதே இடத்தில் கொண்டுபோய் நட்டார்கள். ‘லயன்’ போர் குரூசரிலும் அப்படியே செய்து, வெள்ளோட்டத்தில் மேடை தாங்காமல் போக, மீண்டும் பணம் செலவிட்டு மாற்றினார்கள். தவறு செய்து, திருத்தி, திருத்தியதை மறந்த நிறுவனம் அது. குறையே இல்லாத காகிதக் கப்பலைப் பார்த்தால், வரைந்தவர் 1905இல் உட்காரவில்லை என்று தெரிந்துவிடும்.

நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் போடலாமா?

1912க்கு முன் முழு எண்ணெய் போட்டால் நான் ஏற்க மாட்டேன். எண்ணெய் இலேசு, மண்வாரியால் அள்ளிப் போடாமலே கொதிகலனுக்குப் போகும், எல்லாம் சரி. பிரிட்டன் மண்ணுக்குள் நிலக்கரி இருந்தது, எண்ணெய் இல்லை. சர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்தபோது வந்த ‘குயீன் எலிசபெத்’ வகைதான் எட்டு 15 அங்குலப் பீரங்கிகளோடு முழு எண்ணெயில் ஓடிய முதல் பிரிட்டிஷ் போர்க்கப்பல். அந்த 15 அங்குலப் பீரங்கியைச் சோதிக்கும் முன்பே கப்பல்களுக்குக் கட்டளை கொடுத்துவிட்டார்கள். கற்பனைக் கப்பல்காரர்கள்கூட அவ்வளவு துணிய மாட்டோம்.

அந்த வகையின் ஐந்தாம் கப்பல் ‘மலாயா’. அதற்கான பணத்தைக் கொடுத்தது மலாயாக் கூட்டு மாநிலங்களின் அரசு. அந்த அரசின் வருவாயில் வெள்ளீயத்துக்கு அடுத்து ரப்பருக்குப் பங்கு உண்டு. ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். அந்தக் கப்பலின் கவசத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வராமல் இருப்பதில்லை.

ஜட்லண்டில் மூன்று பிரிட்டிஷ் போர் குரூசர்கள் வெடித்தனவே. கவசத்தைக் கூட்டினால் தீர்ந்ததா?

முதல் உலகப்போரில், டென்மார்க் அருகே ஜெர்மன் கடற்படையோடு நடந்த அந்தச் சண்டையில், 1916 மே 31 அன்று இன்டிஃபேட்டிகபிள், குயீன் மேரி, இன்வின்சிபிள் மூன்றும் போயின. மெல்லிய கவசம் ஒரு பகுதிதான். விரைவாகச் சுட வேண்டும் என்ற அவசரத்தில் வெடிமருந்துப் பொதிகளைக் கோபுரத்திலும் வழியிலும் குவித்து, அறைக் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். கோபுரத்தில் பற்றிய தீ நேரே கீழே இறங்கியது. ஜெர்மானியர்கள் இந்தப் பாடத்தை 1915 ஜனவரியில் தங்கள் போர் குரூசர் ‘சைட்லிட்ஸ்’ எரிந்தபோதே கற்றிருந்தார்கள். உங்கள் கப்பல் 1910இல் கட்டப்படுவதாக இருந்தால், இந்த அறிவு வரைபட அறையில் யாருக்கும் இல்லை. தீ கீழே இறங்காமல் தடுக்கும் இரட்டைக் கதவு வரையாதீர்கள்.

கணினி நிரல் எதுவும் இல்லையா?

ஸ்பிரிங்ஷார்ப் என்ற இலவச நிரல் இருக்கிறது. அளவுகளைக் கொடுத்தால் எடை, வலிமை, ஆட்டம் எல்லாவற்றையும் சொல்லும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் புகை எங்கே போகும், அதிர்வலை யார் தலையில் விழும், துறைக்குள் கப்பல் நுழையுமா என்று அது சொல்லாது. முதலில் கையால் போட்டுவிட்டு அதனிடம் போங்கள்.

கட்டுமானக் காலம் எவ்வளவு எழுதலாம்?

இரண்டு ஆண்டுக்குக் குறைத்து எழுதாதீர்கள். டிரெட்நாட் ஓராண்டில் கடலோட்டம் கண்டதே என்பீர்கள். அதன் பீரங்கிகளிலும் கோபுர இயந்திரங்களிலும் பல லார்டு நெல்சன் வகைக்காகச் செய்யப்பட்டவை. அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தார்கள். பறிகொடுத்த அந்த இரண்டு கப்பல்களும் காத்துக் கிடந்தன. கூட்டைவிடக் கோபுரம் செய்யத்தான் நாள் பிடிக்கும்.

இதுவரை வந்தவற்றில் மிக மிஞ்சிய கற்பனை எது?

காகிதத்தில் என்றால் ஃபிஷரின் ‘இன்கம்பேரபிள்’: 46,000 டன், ஆயிரம் அடி நீளம், ஆறு 20 அங்குலப் பீரங்கிகள், 35 நாட். மேலே சொன்ன விதியில் போட்டால் ஏறத்தாழ இரண்டு லட்சம் குதிரைத்திறன் கேட்கும். 1920இல் முடிந்த ‘ஹுட்’ கப்பலுக்கே 1,44,000தான்.

உருக்கில் என்றால் ‘அஜின்கோர்ட்’. பிரேசிலுக்காகத் தொடங்கி, துருக்கிக்கு விற்கப்பட்டு, 1914 ஆகஸ்டில் பிரிட்டன் பறித்துக்கொண்ட கப்பல். ஏழு கோபுரங்கள், பதினான்கு 12 அங்குலப் பீரங்கிகள். கோபுரங்களுக்கு ஞாயிறு முதல் சனி வரை கிழமைப் பெயர்கள். எல்லாவற்றையும் ஒருசேரச் சுட்டால் கப்பலே பிளந்துவிடும் என்ற பேச்சு இருந்தது. ஜட்லண்டில் சுட்டது, பிளக்கவில்லை. இதே வரைபடத்தை இன்று யாராவது எனக்கு அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பெயர் வைப்பதில் விதி உண்டா?

பழைய கப்பல்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வரும்: சுபர்ப், தெமரேர், தண்டரர். புதிதாக வைப்பதானால் அரசரின் ஒப்புதல் வேண்டும். சர்ச்சில் ஒரு கப்பலுக்கு ‘ஆலிவர் குரோம்வெல்’ என்று வைக்க விரும்பினார். ஓர் அரசரின் தலையை வெட்டுவித்தவரின் பெயரைத் தன் கப்பலுக்கு வைக்க ஐந்தாம் ஜார்ஜ் சம்மதிக்கவில்லை.